ரிட்லியும் பால்மரமும்

பேராக் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது பாகான் டத்தோ. தென்னந்தோப்புகளும் செம்பனைத் தோட்டங்களும் கரையோரச் சதுப்புநிலக் காடும் சூழ்ந்த ஊர் அது. இதே ஆற்றின் கரையில், வெகுதொலைவு மேலே சென்றால், கோலகங்சார் நகரில் ஒரு முதிய ரப்பர் மரத்தைக் காணலாம். 1877ஆம் ஆண்டு அங்கு நடப்பட்ட ஒன்பது கன்றுகளில் இன்று எஞ்சி நிற்பது அது ஒன்றே. நம் நாட்டுத் தமிழர்களில் பலருடைய குடும்ப வரலாற்றை அந்த மரத்தின் வரலாற்றோடு சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

நடப்பட்ட பிறகு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அந்த மரங்களை யாரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. அவற்றின் அருமையை உணர்ந்து, பிறருக்கும் உணர்த்த ஓயாமல் உழைத்தவர் ஹென்றி நிக்கோலஸ் ரிட்லி. ரப்பரின் தந்தை என்றே அவரைப் பலரும் அறிவர். ஆனால், ரப்பர் அவருடைய நீண்ட வாழ்வில் ஒரு பகுதி மட்டுமே. ஒரு செடி ஏன் இந்த இடத்தில் வளர்கிறது? எவற்றைச் சார்ந்து வாழ்கிறது? அதன் விதை இங்கு எப்படி வந்தது? இந்தக் கேள்விகள் அவரை வாழ்நாள் முழுவதும் விடாமல் தொடர்ந்தன.

உயிரினங்கள் ஒன்றோடொன்றும், தாம் வாழும் மண், நீர், காற்று, வெளிச்சம் ஆகியவற்றோடும் கொண்டுள்ள உறவை ஆராயும் துறை சூழலியல். ரிட்லி பத்து வயதுச் சிறுவனாக இருந்தபோது, 1866ஆம் ஆண்டில், எர்ன்ஸ்ட் ஹெக்கல் என்னும் ஜெர்மானிய அறிஞர் அத்துறைக்குப் பெயர் சூட்டினார். வீடு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அப்பெயரை அவர் உருவாக்கினார். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், யார் சமைக்கிறார்கள், யார் உண்கிறார்கள், மிஞ்சியதை யார் துப்புரவு செய்கிறார்கள் என்று பார்ப்பதைப் போலத்தான் இதுவும்.

ரிட்லி 1855ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் இங்கிலாந்தின் நார்ஃபோக் வட்டாரத்தில் பிறந்தார். தந்தை ஒரு பாதிரியார். ரிட்லி சிறுவயதிலேயே தாயை இழந்தார். பூச்சிகளையும் செடிகளையும் சேகரிப்பதில் இளமையிலேயே நாட்டம் கொண்ட அவர், ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் அறிவியல் பயின்றார். 1880ஆம் ஆண்டு லண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் தாவரவியல் பிரிவில் பணியில் சேர்ந்தார். பல நாடுகளிலிருந்து வந்து குவிந்த உலர்ந்த செடிகளை இனம் கண்டு, பெயரிட்டு, அடுக்கி வைப்பது அவர் வேலை. உயிரோடு நிற்கும் செடியை அது வளர்ந்த மண்ணிலேயே பார்க்கும் வாய்ப்பு 1887இல் கிடைத்தது. பிரேசில் நாட்டுக்குக் கிழக்கே, நடுக்கடலில் இருக்கும் பெர்னாண்டோ டி நொரோனா என்னும் சிறு தீவுக்கு ஓர் ஆய்வுக்குழுவோடு அவர் சென்றார். இத்தகைய தீவுக்கு ஒரு செடி வந்து சேர மூன்றே வழிகள்தாம் உண்டு. காற்று கொண்டு வர வேண்டும். கடல் கொண்டு வர வேண்டும். இல்லையெனில் ஏதேனும் ஓர் உயிரினம் சுமந்து வர வேண்டும். விதைகளின் பயணத்தில் ரிட்லி கொண்டிருந்த ஆர்வத்திற்கு இதைவிடப் பொருத்தமான இடம் வாய்த்திருக்காது.

அடுத்த ஆண்டே, 1888இல், சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக அவர் நியமிக்கப்பட்டார். சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகியவற்றின் பூங்காக்களும் காடுகளும் அவருடைய பொறுப்பில் வந்தன. பூங்காவைக் கவனித்ததோடு அவர் நின்றுவிடவில்லை. மலாய்த் தீபகற்பத்தின் காடுகள், மலைகள், சதுப்பு நிலங்கள் எனப் பல இடங்களுக்கும் நடந்தார். பேராக்கின் மலைகளிலும் செடிகளைச் சேகரித்தார். சிங்கப்பூரில் ஆக்னஸ் ஜோக்கிம் என்னும் பெண்மணியின் தோட்டத்தில் பூத்த ஆர்க்கிட் மலரை ஆராய்ந்து, அஃது ஒரு கலப்பினம் என 1893இல் உலகுக்கு அறிவித்தவரும் அவரே. அம்மலர்தான் பின்னர் சிங்கப்பூரின் தேசிய மலராயிற்று.

இனி, ரப்பருக்கு வருவோம். இதன் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசான் காடு. 1876ஆம் ஆண்டு ஹென்றி விக்கம் என்பவர், தப்பாஜோஸ் ஆற்று வட்டாரத்தில் ஏறத்தாழ 70,000 விதைகளைச் சேகரித்து, லண்டனுக்கு அருகிலுள்ள கியூ தாவரவியல் பூங்காவுக்கு அனுப்பினார். ரப்பர் விதைக்கு ஆயுள் குறைவு. சில வாரங்களில் முளைக்கும் ஆற்றலை இழந்துவிடும். ஆதலால், நூற்றுக்கு நான்கு விதைகள்கூட முழுமையாக முளைக்கவில்லை. முளைத்தவற்றில் பெரும்பாலானவை இலங்கைக்குச் சென்றன. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றிலிருந்துதான் ஒன்பது கன்றுகள் கோலகங்சாருக்குக் கொண்டு செல்லப்பட்டு, அப்போது பேராக்கின் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோவின் தோட்டத்தில் நடப்பட்டன.

ரிட்லி வந்தபோது மரங்கள் வளர்ந்து நின்றன. அவற்றிலிருந்து பாலை எப்படி எடுப்பது என்பதுதான் சிக்கல். அமேசானில் பால் எடுப்பவர்கள் கோடரியால் மரத்தைக் கொத்தினார்கள். வெட்டு ஆழமாக விழுந்தது. மரத்தின் பட்டைக்கு உள்ளே, கட்டையை ஒட்டி, மெல்லிய வளர்படை ஒன்று இருக்கிறது. மரம் பருப்பதும், இழந்த பட்டை மீண்டும் வளர்வதும் அதனால்தான். கோடரி அந்தப் படையைச் சிதைத்தால் அவ்விடத்தில் முண்டும் முடிச்சுமாகத் திரளும். மறுபடி அங்கே நல்ல பட்டை வராது. காலப்போக்கில் மரம் பயனற்றுப் போகும்.

ரிட்லி பல ஆண்டுகள் பூங்காவின் மரங்களில் சோதனை செய்து பார்த்தார். வளர்படையைத் தொடாமல், பட்டையில் மட்டும் சாய்வாக ஒரு கீறல். அடுத்த முறை வேறிடத்தில் வெட்டாமல், அதே கீறலின் கீழ்விளிம்பில் மெல்லிய சீவல் ஒன்றை மட்டும் எடுக்க வேண்டும். அப்படிச் செய்தால் பால் மீண்டும் சுரந்தது. மீண்டும் மீண்டும் திறக்கும்போது முன்னைவிட மிகுதியாகவும் சுரந்தது. அதிகாலையில் வெட்டினால் பால் நன்றாக வடியும் என்பதையும் அவர் கண்டார். வெட்டிய பகுதிக்குப் புதிய பட்டை வளர்ந்துகொண்டே இருந்தது; மரமும் நலமாக இருந்தது. விடியுமுன் எழுந்து, நிரையில் நின்று, மங்கைச் சரிசெய்து, கோட்டுப்பாலை உரித்துவிட்டு மெல்லச் சீவிய நம் முன்னோரின் கைப்பழக்கம் இந்தச் சோதனைகளிலிருந்து பிறந்தது.

மரம் எதற்காகப் பாலைச் சுரக்கிறது என்பதையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். நமக்காக அன்று. பட்டையைத் துளைக்க வரும் பூச்சியின் வாயை ஒட்டிவிடவும், காயத்தை மூடவும் மரம் வைத்திருக்கும் தற்காப்பு அது. ரிட்லியின் முறை அந்தத் தற்காப்பின் எல்லையை அறிந்து நடந்தது. மரம் எவ்வளவு இழந்தால் தன்னைத் தேற்றிக்கொள்ள முடியுமோ, அவ்வளவே எடுக்கப்பட்டது. ஓர் இயற்கை வளம் மீண்டும் உருவாகும் வேகத்தை மீறாமல் பயன்படுத்துவதை இன்றைய சூழலியலார் நீடித்த பயன்பாடு என்கிறார்கள். நீண்ட விளக்கத்தைவிட, பழைய பால்மரம் ஒன்றின் பட்டையைத் தடவிப் பார்த்தால் இதன் பொருள் எளிதில் விளங்கும் என்பது என் கருத்து.

வழி கண்டாயிற்று, ஆனால், கேட்பார் இல்லை. அக்காலத் தோட்ட முதலாளிகளுக்குக் காப்பியும் கரும்புமே பெரிது. ஒரு மரத்தை நட்டுவிட்டு ஐந்தாறு ஆண்டுகள் வருமானமின்றிக் காத்திருக்க யாருக்கு மனம் வரும்? ரிட்லி சளைக்கவில்லை. சட்டைப்பையில் ரப்பர் விதைகளைப் போட்டுக்கொண்டு, சந்திப்பவரிடமெல்லாம் நட்டுப் பாருங்கள் என்று வற்புறுத்தினார். கிறுக்கு ரிட்லி என்று அவருக்குப் பட்டப்பெயர் விழுந்தது. 1896இல் மலாக்காவில் டான் சாய் யான் என்னும் சீன வணிகர் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் ரப்பரைப் பயிரிட்டார். மலாயாவில் வணிக நோக்கில் அமைந்த முதல் ரப்பர் தோட்டம் அதுவே எனக் கூறுவர். பிறகு காற்று திசைமாறியது. பிரேசிலின் காப்பி சந்தையில் குவிந்து விலை சரிந்தது. மலாயாவின் காப்பிச் செடிகளைப் புழுக்களும் தாக்கின. மறுபுறம், ரிட்லி சிங்கப்பூர் வந்த அதே 1888இல் டன்லப் காப்புரிமை பெற்ற காற்றடைத்த சக்கரம், முதலில் மிதிவண்டிக்கும் பிறகு மோட்டார் வண்டிக்கும் இன்றியமையாததாகிவிட்டது. பூங்காவிலிருந்து இலட்சக்கணக்கான விதைகள் தோட்டங்களுக்குச் சென்றன. 1920 வாக்கில் உலகின் ரப்பரில் ஏறத்தாழப் பாதி மலாயாவிலிருந்து கிடைத்தது. பால்மரம் வெட்டுவதற்காகத் தமிழகத்திலிருந்து பல்லாயிரம் குடும்பங்கள் கப்பலேறி வந்தன.

இந்த வெற்றிக்கு ரிட்லியின் உழைப்பு மட்டும் காரணமன்று. அவர் திட்டமிடாத வேறொன்றும் துணை நின்றது. சூழலியலின் அடிப்படையை விளக்க இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு நம் நாட்டில் இல்லை என்றே சொல்லலாம்.

அமேசான் காட்டில் ரப்பர் மரங்கள் கூட்டமாக வளர்வதில்லை. ஒரு ஹெக்டர் பரப்பில் இரண்டோ மூன்றோ மரங்கள் நிற்கும்; இடையில் வேறு நூற்றுக்கணக்கான மர இனங்கள் நிற்கும். இதற்குக் காரணங்களுள் ஒன்று, ரப்பர் இலையைத் தாக்கும் ஒரு பூஞ்சணம். அதன் நுண்வித்துகள் காற்றில் பரவி, இளம் இலைகளில் பற்றி, அவற்றைக் கருகி உதிரச் செய்கின்றன. மரங்கள் விலகி நின்றால் வித்துகளில் பெரும்பாலானவை வேற்று மரங்களில் விழுந்து வீணாகும். மரங்கள் நெருங்கி நின்றால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும். விக்கம் அனுப்பியவை இலைகளல்ல, விதைகள். அவை கியூவில் முளைத்து, அங்கிருந்து ஆசியாவுக்கு வந்தன. பூஞ்சணம் கூடவே வரவில்லை. தன் பகைவனைத் தாயகத்திலேயே விட்டுவிட்டு வந்த மரத்தை, மலாயாவில் ஹெக்டருக்குச் சில நூறாக வரிசை பிடித்து நட முடிந்தது.

தாயகத்தில் அதே முயற்சி என்ன ஆயிற்று? அமெரிக்க மோட்டார் தொழிலதிபர் ஹென்றி ஃபோர்ட், 1928இல் தப்பாஜோஸ் ஆற்றங்கரையிலேயே, அதாவது விக்கம் விதை பொறுக்கிய வட்டாரத்திலேயே, பெரும் ரப்பர் தோட்டம் அமைக்க முற்பட்டார். காட்டை அழித்து, மரங்களை நெருக்கமாக நட்டார்கள். பணத்துக்குக் குறைவில்லை. மரங்கள் வளர்ந்து கிளைகள் ஒன்றையொன்று தொட்டவுடன் இலைக் கருகல் நோய் தோட்டம் முழுவதும் பரவியது. 1934இல் வேறோர் இடத்தில் மீண்டும் முயன்று, 1945இல் நிலத்தைப் பிரேசில் அரசிடமே ஒப்படைத்துவிட்டு வெளியேறினார்கள். அந்த நோய் இன்றுவரை ஆசியாவில் கால்வைக்கவில்லை. வந்தால் நம் ரப்பர் தோட்டங்கள் என்னாகும் என்பதை அறிந்ததால்தான், வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வரும் செடிகளுக்கு மலேசியா கடுமையான கட்டுப்பாடுகளை வைத்திருக்கிறது.

ஒரே இனப் பயிரைப் பரந்த நிலத்தில் நடுவதை ஓரினப் பயிர் முறை என்கிறோம். இதன் ஆபத்தை ரிட்லியின் காலத்தவரும் அறியாமல் இல்லை. இலங்கையில் 1869இல் காப்பி இலைகளில் ஒரு துருநோய் தோன்றியது, அதுவும் பூஞ்சணமே. இருபது ஆண்டுகளுக்குள் அந்நாட்டின் காப்பித் தொழிலே அழிந்தது. காப்பிக்காகச் சென்ற தமிழர்கள் தேயிலைக் கொழுந்து கிள்ளத் தொடங்கியது அதன்பிறகுதான்.

பகைவனைப் பிரிந்து வந்தது ரப்பர். நண்பனைப் பிரிந்து வந்ததும் ஒன்று உண்டு. அது செம்பனை. மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்த மரம் மலாயாவில் வணிகப் பயிராக முதலில் நடப்பட்டது 1917இல், சிலாங்கூரில் உள்ள ஒரு தோட்டத்தில். அத்தோட்டத்தின் பெயர் தென்னமரம் என்பது ஒரு வேடிக்கை. ஆப்பிரிக்காவில் செம்பனையின் ஆண்பூவிலிருந்து பெண்பூவுக்கு மகரந்தத்தைக் கொண்டு செல்லும் வேலையைச் சிறு வண்டு ஒன்று செய்கிறது. அந்த வண்டு இங்கே வரவில்லை. ஆதலால், மகரந்தத் தூளை எடுத்துச் சென்று, மரம் மரமாகப் பூவில் தூவும் வேலையைத் தோட்டத் தொழிலாளர்கள் செய்தார்கள். 1981இல் கேமரூன் நாட்டிலிருந்து அவ்வண்டு கொண்டுவரப்பட்டது. அதன்பின் அந்த வேலை தேவையற்றுப் போயிற்று. இன்று பாகான் டத்தோவின் செம்பனைக் குலைகள் காய்ப்பது அந்த வண்டின் உழைப்பால்தான். ஓர் உயிரினத்தை மட்டும் தனியே பெயர்த்து எடுத்துவர முடியாது. அதைச் சுற்றிப் பின்னியிருக்கும் வலையில் சில இழைகள் அறுகின்றன, சில இழைகள் கூடவே வருகின்றன.

காட்டை அழித்துத் தோட்டம் போட்டபோது இங்கிருந்த வலையும் அறுந்தது. அதன் விலையைக் கொடுத்தவர்களில் நம் முன்னோரும் உண்டு. ரப்பர் தோட்டங்களில் மலேரியா காய்ச்சல் பெருந்தொகையினரைக் கொன்றது. 1901 முதல் கிள்ளானில் பணியாற்றிய மருத்துவர் மால்கம் வாட்சன் இதை ஆராய்ந்து வியப்பான உண்மை ஒன்றைக் கண்டார். கடலோரச் சமவெளியில் மலேரியாவைப் பரப்பிய கொசு, காட்டு நிழலில் தேங்கிய நீரில் வாழ்வது. அங்கே மரங்களை வெட்டி நீரை வடித்தால் காய்ச்சல் குறைந்தது. மலையடிவாரத் தோட்டங்களிலோ நேர்மாறு. அங்கிருந்த கொசு வெயில் படும் தெளிந்த ஓடைகளை விரும்புவது. காட்டை வெட்டியவுடன் ஓடைகளில் வெயில் பட்டது, காய்ச்சல் பெருகியது. ஒரே செயல், இரண்டு வாழிடங்களில், இரண்டு விளைவு. வாழிடம் என்னும் சொல்லுக்கு எத்தனை உயிர்கள் கட்டுப்பட்டிருந்தன!

மண்ணுக்கும் பாதிப்பு நேர்ந்தது. புல்பூண்டு எதுவுமின்றி நிலத்தைத் துடைத்து வைப்பதே நல்ல தோட்டத்திற்கு அடையாளம் என்று தொடக்ககால முதலாளிகள் எண்ணினார்கள். லாலான் புல்லைக் களைவதற்கென்றே ஆட்கள் இருந்தனர். மூடாத மண்ணில் மழை நேராக விழுந்தது. வளமான மேல்மண் அடித்துச் செல்லப்பட்டது. பிற்காலத்தில்தான் மரங்களுக்கு இடையே அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த கொடிகளைப் படரவிட்டார்கள். அவை மண்ணை மூடின. அவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்த்தன.

இந்த மாற்றங்களின் நடுவே ரிட்லி செய்த மற்றொரு பணி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. எந்தக் காடு தோட்டங்களுக்கு இடம்விட்டு மறைந்துகொண்டிருந்ததோ, அந்தக் காட்டின் செடிகொடிகளை அவர் ஒவ்வொன்றாகப் பதிவுசெய்தார். இலை, பூ, காய் ஆகியவற்றைத் தாளில் அழுத்தி உலர்த்தி, எங்கு, எப்போது எடுத்தது என்று குறித்து வைத்தார். ரப்பரைப் பரப்பியவரும் அவரே. ரப்பர் எதன் இடத்தைப் பிடித்தது என்று நாம் அறிவதற்கு வழி வைத்தவரும் அவரே. இவ்விரண்டும் ஒரே மனிதரின் பணிகள் என்பதை மறைக்காமல் சொல்வதுதான் நேர்மை.

ஏறத்தாழ இருபத்துமூன்று ஆண்டுகள் பணியாற்றியபின் ரிட்லி ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பி, கியூ பூங்காவின் அருகிலேயே குடியேறினார். 1922 முதல் 1925 வரை, மலாய்த் தீபகற்பத்தின் தாவரங்களைப் பற்றிய அவருடைய நூல் ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது. 1930இல், எழுபத்து நான்கு வயதில், உலகெங்கும் தாவரங்கள் எப்படிப் பரவுகின்றன என்பதை விளக்கும் எழுநூறு பக்கங்களுக்கும் மேற்பட்ட பெருநூலை வெளியிட்டார். பெர்னாண்டோ டி நொரோனா தீவில் எழுந்த கேள்விகளுக்கெல்லாம் அதில் விடை தேடினார்.

அந்நூலில் அவர் ஆராய்ந்த முறைகள் பலவற்றைப் பாகான் டத்தோ மாணவர் வீட்டைவிட்டு அதிகம் நடக்காமலே காணலாம். தேங்காயின் நார்மட்டை அதனை நீரில் மிதக்க வைக்கிறது. ஓடு உப்புநீரை உள்ளே விடாமல் காக்கிறது. கடலில் பல நாள் மிதந்து, ஒதுங்கிய கரையில் அது முளைக்கும். பக்காவ் மரம் வேறொரு வழியைக் கையாள்கிறது. அதன் விதை தாய்மரத்தில் இருக்கும்போதே முளைவிட்டு, முருங்கைக்காய் போல் நீண்டு தொங்குகிறது. நீர் வற்றியிருக்கும்போது விழுந்தால் சேற்றில் குத்தி நிற்கும். ஏற்றத்தின்போது விழுந்தால் மிதந்து சென்று வேறோர் இடத்தில் வேரூன்றும். ரப்பர் காயோ வெயிலில் படீரென்று வெடித்து விதையைத் தெறிக்கவிடும். அமேசானில் வெள்ளக் காலத்தில் அவ்விதைகள் நீரில் மிதந்தும் செல்லும். மீன்களுக்கு உணவாகவும் ஆகும்.

பக்காவ் காட்டை இன்னும் சற்று உற்றுப் பார்ப்போம். வெயிலைக் கொண்டு உணவைத் தயாரிக்கும் மரம் உற்பத்தியாளர். உதிர்ந்த அதன் இலையை நண்டு தின்கிறது. மிஞ்சியதைப் பூஞ்சணங்களும் பாக்டீரியாக்களும் மட்கச் செய்கின்றன. இவை சிதைப்பவை. மட்கிய துகளை இறால் உண்ண, இறாலை மீன் உண்ண, மீனைக் கொக்கு உண்ணும். நண்டு தொடங்கிக் கொக்கு வரை அனைத்தும் நுகர்வோர். இந்தத் தொடர்ச்சியே உணவுச் சங்கிலி. நண்டைக் கொக்கும் தின்னும், குரங்கும் தின்னும். ஆகவே, பல சங்கிலிகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி உணவு வலையாகின்றன. மீன்பிடிப் படகுகள் கரைசேர்க்கும் மீனிலும் இறாலிலும் அந்த உதிர்ந்த இலைக்குப் பங்கு உண்டு.

விதைகளைப் பற்றிய ரிட்லியின் கணக்கு ஒன்று நம்மை மலைக்க வைக்கும். காட்டு மரங்களான மெரந்தி வகைகளின் காய்களுக்குச் சிறகுகள் உண்டு. உயர்ந்த மரத்திலிருந்து சுழன்று சுழன்று விழும் அழகைப் பார்த்தால், நெடுந்தொலைவு பறக்கும் என்றே தோன்றும். ரிட்லி கவனித்தபோது, அவை அதிகமாகப் போனால் தாய்மரத்திலிருந்து 100 கெஜம் தொலைவில்தான் விழுந்தன. விழுந்த விதை மரமாகிப் பூப்பதற்குச் சுமார் முப்பது ஆண்டுகள் ஆகும். அப்படியானால், அந்த மர இனம் நூறு ஆண்டுகளில் 300 கெஜம்தான் நகர முடியும். நூறு மைல் என்பது 1,76,000 கெஜம். வகுத்துப் பார்த்தால் நூறு மைல் பரவுவதற்கு 58,000 ஆண்டுகளுக்கும் மேல் ஆகும். இந்தக் கணக்கை மாணவர்கள் தாங்களே ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். லாலான் புல்லின் பஞ்சு விதை ஒரே காற்றில் கடக்கும் தூரத்தை, மெரந்திக் காடு பல தலைமுறைகளில் ஊர்ந்து கடக்கிறது. வெறுமையான நிலத்தில் முதலில் லாலான் வருவதும், காடு வரவே வராததுபோல் தோன்றுவதும் இதனால்தான்.

அரச கழகத்தின் உறுப்பினர் தகுதி 1907இலேயே ரிட்லிக்குக் கிடைத்திருந்தது. முதுமையில் மேலும் பல சிறப்புகள் வந்தன. ரப்பரால் பெரும் செல்வர் ஆனவர்கள் எத்தனையோ பேர். அவர் அவர்களுள் ஒருவர் அல்லர். 1955 டிசம்பரில் தம் நூறாவது பிறந்தநாளைக் கண்ட அவர், 1956ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் கியூவில் காலமானார். மலாயா விடுதலை அடைவதற்கு அப்போது ஓராண்டுகூட இல்லை.

அவர் சேகரித்து உலர்த்திய செடிகள் சிங்கப்பூரிலும் கியூவிலும் பாதுகாக்கப்படுகின்றன. ஒவ்வொரு தாளின் மூலையிலும் இடமும் நாளும் எழுதப்பட்டிருக்கின்றன. தோட்டமோ ஊரோ எழுவதற்கு முன் ஒரு நிலத்தில் எவை வளர்ந்தன என்று அறிய விரும்பும் ஆய்வாளர்கள் இன்றும் அந்தத் தாள்களைத்தான் எடுத்துப் பார்க்கிறார்கள்.